கண்டெய்னரை நிறுத்தினால் பாதியில் தொங்கும் வேலைகள்: ஒரு பைத்தான் சர்வரைச் சரிசெய்த பதிவு

வீடியோ பதிவேற்றும் ஒரு சின்ன சேவை. பைத்தான் 3.11, ஃபாஸ்ட்ஏபிஐ, அதை ஓட்ட யுவிகார்ன், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ், சர்வர் இருப்பது டாக்கர் கண்டெய்னரில். வெப் சர்வர் ஓடும் அதே புராசஸுக்குள் மூன்று வேலைகள் பின்னணியில் நடக்கின்றன. வந்த வீடியோவை எஃப்எஃப்எம்பெக் வைத்து எம்பி4 ஆக மாற்றுவது ஒன்று. நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, அனுப்பாமல் இருக்கும் மெயில்களை அனுப்புவது இன்னொன்று. வீடியோ மாற்றம் எத்தனை சதவீதம் முடிந்தது என்று எஸ்எஸ்இ வழியாக பிரவுசருக்குச் சொல்லிக்கொண்டே இருப்பது மூன்றாவது.

ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. புது வெர்ஷன் போடும்போதுதான் வினை. டேபிளில் சில வரிகள் ‘புராசஸிங்’ நிலையிலேயே நின்றுபோகும், டிஸ்கில் திறக்க முடியாத எம்பி4 கோப்புகள் சேரும், ஒரே மெயில் சிலருக்கு இரண்டு முறை போகும். இப்போது முதல் இரண்டும் நின்றுவிட்டன. மூன்றாவது ஏன் முழுசாக நிற்காது என்பது கீழே வருகிறது.

சிக்னல் வந்து சேருகிறதா?

கோடைத் திறப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். ‘டாக்கர் ஸ்டாப்’ கட்டளைக்கு முன்னால் ‘டைம்’ போட்டு ஓட்டினால் 10 விநாடியும் சொச்சமும் ஆகிறது. ‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ காட்டும் எக்ஸிட் கோடு 137, அதாவது 128-உடன் 9. டாக்கர் முதலில் ‘நின்றுவிடு’ என்று கேட்கும் சிக்-டெர்ம் சிக்னலை அனுப்பும், 10 விநாடி பொறுக்கும், பிறகு மறுக்க முடியாத சிக்-கில் சிக்னல் (எண் 9) போட்டு அடித்துவிடும். 10 விநாடியும் 137-ம் சேர்ந்து வந்தால், நிறுத்தச் சொன்னது யார் காதிலும் விழவில்லை, அல்லது விழுந்தும் வேலை முடியவில்லை.

இங்கே விழவே இல்லை. கண்டெய்னருக்குள் 1-ம் எண் புராசஸ் எது என்று ‘/ப்ராக்/1/கமாண்ட்லைன்’ கோப்பைப் படித்தால் அது யுவிகார்ன் இல்லை, ஷெல். தொடங்கும் ஸ்கிரிப்டில் முதல் வரி டேட்டாபேஸ் மைக்ரேஷன், இரண்டாம் வரி யுவிகார்ன். ஷெல் தன் இடத்தை யுவிகார்னுக்கே விட்டுக்கொடுக்கச் சொல்லும் ‘எக்ஸெக்’ அந்த இரண்டாம் வரிக்கு முன்னால் இல்லை. அதனால் ஷெல் 1-ம் எண்ணாக உட்கார்ந்திருக்க, யுவிகார்ன் அதன் பிள்ளையாக ஓடுகிறது. ஷெல் தன் பிள்ளைக்கு சிக்னலைக் கடத்தாது. 1-ம் எண் புராசஸ் தானாக ஒரு ஹேண்ட்லர் வைக்காவிட்டால் லினக்ஸ் கெர்னல் சிக்-டெர்மை அதற்குக் கொடுப்பதே இல்லை. ஆகவே ஷெல்லும் சாகாது, யுவிகார்னுக்கும் தெரியாது. ‘எக்ஸெக்’ என்ற ஒரே ஒரு சொல்லைச் சேர்த்ததும் லாகில் ‘ஷட்டிங் டவுன்’ வரி முதல்முறையாகத் தலைகாட்டியது. இத்தனை நாளும் ஷட்டவுன் கோடு என்று எழுதி வைத்தது எதுவும் ஒருமுறைகூட ஓடியிருக்காது என்பதுதான் இதற்குப் பொருள். அதில் இருக்கும் பிழைகள் எல்லாம் இனிமேல்தான் வெளியே வரும்.

யுவிகார்ன் நிறுத்தும் வரிசை

சிக்னல் வந்த பிறகும் 137 போகவில்லை. லாகில் ‘வெயிட்டிங் ஃபார் கனெக்ஷன்ஸ் டு குளோஸ்’ என்ற வரியோடு நிற்கிறது. யுவிகார்ன் சிக்-டெர்ம் கண்டதும் புதிய இணைப்பு வாங்குவதை நிறுத்தும். பிறகு திறந்திருக்கும் இணைப்புகள் மூடக் காத்திருக்கும். அதன்பின் ஓடும் டாஸ்குகள் முடியக் காத்திருக்கும். இவை எல்லாம் முடிந்த பிறகுதான், சர்வரின் தொடக்கத்தையும் முடிவையும் கவனிக்கும் ‘லைஃப்ஸ்பான்’ ஃபங்ஷனில் ‘யீல்டு’க்குக் கீழே எழுதிய முடிவுக் கோடு ஓடும். இந்தக் காத்திருப்புக்கு இயல்பில் கால வரம்பே கிடையாது.

எஸ்எஸ்இ இணைப்போ தானாக மூடாது, பிரவுசர் டேப் திறந்திருக்கும்வரை அது இருக்கும். இங்கே முதலில் தோன்றுகிற வைத்தியம், ஒரு ‘ஸ்டாப்’ ஈவெண்ட் வைத்து, லைஃப்ஸ்பான் முடிவில் அதைத் தட்டி, எஸ்எஸ்இ லூப் அதைப் பார்த்து வெளியேறுவது. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் எடுபடாது. இணைப்பு மூடினால்தான் லைஃப்ஸ்பான் முடிவு வரும், லைஃப்ஸ்பான் முடிவு வந்தால்தான் இணைப்பு மூடும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு 10 விநாடியும் போய்விடும்.

சரியான வழி யுவிகார்னுக்கே வரம்பு கொடுப்பது: ‘--டைம்அவுட்-கிரேஸ்ஃபுல்-ஷட்டவுன் 5’. 5 விநாடிக்குப் பிறகும் நிற்கும் ரிக்வெஸ்ட் டாஸ்குகளை அதுவே கேன்சல் செய்துவிட்டு லைஃப்ஸ்பானுக்குப் போகும். எஸ்எஸ்இ அறுந்தால் பயனருக்கு நஷ்டமில்லை, பிரவுசரின் ஈவெண்ட்சோர்ஸ் சில விநாடிகளில் தானே மறுபடி இணைத்துக்கொள்ளும். ஆனால் ஃபாஸ்ட்ஏபிஐயின் ‘பேக்கிரவுண்ட்டாஸ்க்ஸ்’ வசதியில் போட்ட வேலைகளும் அந்த ரிக்வெஸ்ட் டாஸ்குக்குள்தான் ஓடுகின்றன. எனவே இந்த 5 விநாடி அவற்றுக்கும் பொருந்தும். ஒரு லாக் எழுதுவது, ஒரு கேஷை அழிப்பது போன்ற, தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அதோடு, அந்த வேலைக்கு ரிக்வெஸ்டின் டேட்டாபேஸ் செஷனைத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. அந்த செஷனைத் திறந்து மூடும் ‘யீல்டு’ டிபெண்டன்சி ரெஸ்பான்ஸுக்கு முன் மூடுமா பின் மூடுமா என்பதை ஃபாஸ்ட்ஏபிஐ 0.106-ல் ஒருவிதமாக மாற்றி, 0.118-ல் திரும்ப மாற்றியது. ஐடியை மட்டும் கொடுத்து, உள்ளே புது செஷன் திறந்தால் எந்த வெர்ஷனிலும் பிரச்சினை இல்லை.

லோக்கலில் சோதிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பொறுமையில்லாமல் கண்ட்ரோல்-சி இரண்டாம் முறை அழுத்தினால் யுவிகார்ன் லைஃப்ஸ்பான் முடிவை ஓட்டாமலே போய்விடும். பிறகு கிளீனப் கோடு ஏன் ஓடவில்லை என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

டாஸ்குக்கு ஒரு சொந்தக்காரர்

‘கிரியேட்_டாஸ்க்’ என்று கூப்பிட்டு, வரும் மதிப்பை எதிலும் வைக்காமல் விட்டிருந்த இடங்கள் கோடில் ஏகப்பட்டவை. பைத்தானில் பல வேலைகளை மாற்றிமாற்றி ஓட்டும் ஏசிங்க்ஐஓவின் ஈவெண்ட் லூப், டாஸ்குகளை வீக் ரெஃபரன்ஸாக, அதாவது இறுகப் பிடிக்காமல்தான் வைத்திருக்கும். வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் கார்பேஜ் கலெக்டர் அதை நடுவழியில் அள்ளிக்கொண்டு போகலாம். ‘டாஸ்க் வாஸ் டிஸ்ட்ராய்டு பட் இட் இஸ் பெண்டிங்’ என்று லாகில் வந்தால் இது ஒரு முக்கியக் காரணம். தீர்வு சின்னது: ஒரு செட், அதில் டாஸ்கைச் சேர்ப்பது, ‘ஆட்_டன்_கால்பேக்’ வழியாக முடிந்ததும் நீக்குவது.

அந்தக் கால்பேக்கிலேயே பிழையையும் லாகில் எழுதிவிடலாம். ஆனால் ‘எக்ஸப்ஷன்()’ கேட்பதற்கு முன் ‘கேன்சல்டு()’ கேட்க வேண்டும். கேன்சலான டாஸ்கிடம் எக்ஸப்ஷனைக் கேட்டால் அது ‘கேன்சல்டுஎரர்’ஐ நம் மேலேயே எறியும்.

நிறுத்தும்போது இந்தச் செட்டை அப்படியே ‘ஏசிங்க்ஐஓ.வெயிட்’டிடம் கொடுத்தால் இன்னொரு பொறி. செட் காலியாக இருந்தால் அது ‘வேல்யூஎரர்’ கொடுக்கும். பகலில் வேலை ஓடும்போது சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும், வேலையே இல்லாத நேரத்தில் நிறுத்தினால் ஷட்டவுன் அந்த இடத்திலேயே அறுந்து டேட்டாபேஸ் பூல் மூடாமல் போகும். முன்னால் ஒரு ‘இஃப்’ போதும். ‘வெயிட்’ நேரம் கடந்தால் எதையும் கேன்சல் செய்யாது, முடிந்தவை, முடியாதவை என்று இரண்டு செட்டாகப் பிரித்துத் தரும். ‘வெயிட்_ஃபார்’ நேரம் கடந்தால் தானே கேன்சல் செய்யும். பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் போட்டுவிடுவது சுலபம்.

மெயில் லூப்

பழைய அமைப்பு: ‘வைல் ட்ரூ’, ஒரு சுற்று மெயில் அனுப்பு, ‘ஸ்லீப்(60)’. நிறுத்தும்போது கேன்சல். கேன்சல் எந்த ‘அவெய்ட்’டில் வேண்டுமானாலும் வந்து விழும். எஸ்எம்டிபி சர்வர் மெயிலை வாங்கிக்கொண்ட பிறகு, ‘அனுப்பியாயிற்று’ என்று டேபிளில் குறிப்பதற்கு முன் விழுந்தால் அடுத்த முறை அதே மெயில் மறுபடி போகும். 50 மெயிலுக்கு ஒரு கமிட் என்று இருந்ததால், 50 பேருக்கும் இரண்டாம் மெயில் போக வழி இருந்தது.

இரண்டு மாற்றங்கள். கமிட் ஒவ்வொரு மெயிலுக்கும் தனியாக. ‘ஸ்லீப்(60)’க்குப் பதில், ஸ்டாப் ஈவெண்டின் ‘வெயிட்()’டை 60 விநாடி வரம்போடு ‘வெயிட்_ஃபார்’ செய்வது. நேரம் முடிந்தால் அடுத்த சுற்று, ஈவெண்ட் தட்டப்பட்டால் உடனே வெளியே. தூங்கும்போது நிறுத்தினால் 60 விநாடி இழுக்காது, மெயில் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் கையில் இருக்கும் ஒரு மெயிலை முடித்துவிட்டு நிற்கும். 5 விநாடிக்குள் நிற்காவிட்டால்தான் கேன்சல். சரியாக அந்த இடைவெளியில் சிக்-கில் விழுந்தால் அந்த ஒரு மெயில் இரட்டிக்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முன்கூட்டியே குறித்து வைத்தால், விபத்தில் மெயில் போகாமலே போகலாம். பில் மெயில் இரண்டு வருவது, ஒன்றும் வராமல் இருப்பதைவிடத் தேவலை.

பைத்தான் 3.8 முதல் ‘கேன்சல்டுஎரர்’ என்பது ‘எக்ஸப்ஷன்’ வகையில் சேராது, ‘பேஸ்எக்ஸப்ஷன்’ வகையில் சேரும். அதனால் ‘எக்ஸெப்ட் எக்ஸப்ஷன்’ அதை விழுங்காது. ஒன்றுமே எழுதாத வெறும் ‘எக்ஸெப்ட்:’ விழுங்கும். லூப்புக்குள் ஒன்று இருந்தால்கூட டாஸ்கைக் கேன்சல் செய்து செய்து பார்க்கலாம், அது அசையாது.

எஃப்எஃப்எம்பெக்: முழுதாகத் தெரியும் பாதி வீடியோ

அதிக நேரம் தின்றது இந்தப் பகுதிதான். ‘கிரியேட்_சப்புராசஸ்_எக்ஸெக்’ வழியாக எஃப்எஃப்எம்பெக்கைத் தொடங்கி, அது முடியக் காத்திருக்கும் டாஸ்கைக் கேன்சல் செய்தால், காத்திருப்பு மட்டும்தான் கேன்சலாகும். எஃப்எஃப்எம்பெக் பாட்டுக்கு ஓடும். கண்டெய்னர் மொத்தமாக நிற்கும்போது இது தெரியாது, ஏனெனில் 1-ம் எண் புராசஸ் போனால் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் கெர்னல் கொன்றுவிடும். பயனர் ‘ரத்துசெய்’ பட்டனை அழுத்தும்போதுதான் தெரியும்: திரையில் ரத்து, சிபியுவில் முழு வேகம்.

எனவே ‘ஃபைனலி’ பகுதியில் இப்படி: ‘ரிட்டர்ன்கோட்’ இன்னும் ‘நன்’ என்றால் (அதாவது புராசஸ் இன்னும் முடியவில்லை என்றால்) மட்டும் ‘டெர்மினேட்()’, 5 விநாடி காத்திருப்பு, அதற்கும் அசையாவிட்டால் ‘கில்()’, மறுபடி ஒரு ‘வெயிட்()’. அந்த ‘நன்’ சோதனை இல்லாவிட்டால், ஏற்கெனவே முடிந்துபோன புராசஸுக்கு சிக்னல் அனுப்பி ‘புராசஸ்லுக்அப்எரர்’ வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிவரும்.

கட்டளையிலும் சில சேர்க்கைகள் தேவைப்பட்டன. ‘-நோஸ்ட்டிஇன்’ இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் கீபோர்டைப் படிக்கப் பார்க்கும். ‘-லாக்லெவல் எரர்’ இல்லாமல் அதன் எஸ்டிடிஎர்ரை பைப்பில் விட்டு யாரும் படிக்காவிட்டால், லினக்ஸ் பைப்பின் 64 கேபி நிரம்பியதும் எழுத இடமில்லாமல் அது அப்படியே உறைந்துவிடும். ‘ஸ்டார்ட்_நியூ_செஷன்’ ட்ரூ என்று கொடுப்பது லோக்கலுக்காக. டெர்மினலில் கண்ட்ரோல்-சி அழுத்தினால் சிக்னல் முன்னணியில் இருக்கும் மொத்த புராசஸ் குழுவுக்கும் போகும், நாம் நிறுத்துவதற்கு முன்பே எஃப்எஃப்எம்பெக் தானாக நின்றுவிடும்.

இனி கோப்பு. எம்பி4-க்கு உயிர்நாடியான ‘மூவ்’ அட்டவணை சாதாரணமாகக் கடைசியில்தான் எழுதப்படும். சிக்-கில் வாங்கிய எஃப்எஃப்எம்பெக் விட்டுச்செல்லும் கோப்பு பல நூறு எம்பி இருக்கும், திறந்தால் ‘மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்டு’. இதையாவது கண்டுபிடித்துவிடலாம். சிக்-டெர்ம் வாங்கினால் நிலைமை இன்னும் மோசம்: எஃப்எஃப்எம்பெக் மரியாதையாக அட்டவணையை எழுதி, கோப்பை ஒழுங்காக மூடிவிட்டுப் போகும். 40 நிமிட வீடியோ 13 நிமிடத்தில் அழகாக முடிந்துவிடும். எந்த பிளேயரும் குறை சொல்லாது. கோப்பு இருக்கிறதா, திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கோடு அதை முழு வீடியோ என்று ஏற்றுக்கொள்ளும். அடையாளம் ஒன்றே ஒன்று, எக்ஸிட் கோடு 255. பூஜ்யமாக இருந்தால் மட்டுமே கோப்பை ஏற்க வேண்டும்.

இதே சேவையைக் கண்டெய்னர் இல்லாமல், லினக்ஸின் சேவை நிர்வாகியான சிஸ்டம்டியில் ஓட்டுபவர்கள் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். அதன் ‘கில்மோடு’ இயல்பில் ‘கண்ட்ரோல்-குரூப்’. நிறுத்தும்போது எஃப்எஃப்எம்பெக்குக்கும் நேரடியாக சிக்-டெர்ம் போய்விடும், பைத்தான் பக்கம் அதை வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்ள இடமுண்டு. ‘மிக்ஸ்டு’ என்று மாற்றினால் முதல் சிக்னல் தலைமைப் புராசஸுக்கு மட்டும் போகும்.

பெயர் வைப்பதிலும் இரண்டு முட்டல்கள். ‘.பார்ட்’ என்ற பெயரில் எழுதி, முடிந்ததும் ‘ஓஎஸ்.ரீபிளேஸ்’ செய்யலாம் என்றால், எஃப்எஃப்எம்பெக் வடிவத்தைப் பெயரின் வாலை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். ‘.பார்ட்’ என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. ‘-எஃப் எம்பி4’ என்று சொல்லிவிட வேண்டும். ‘/டிஎம்பி’யில் எழுதி வால்யூமுக்கு நகர்த்தப் பார்த்தால் பிழை எண் 18, ‘இன்வேலிட் கிராஸ்-டிவைஸ் லிங்க்’. ‘ரீபிளேஸ்’ ஒரே ஃபைல்சிஸ்டத்துக்குள் மட்டும் நடக்கும். அதனால் தற்காலிகக் கோப்பும் அதே வால்யூமில், வேலை ஐடியும் முயற்சி எண்ணும் சேர்ந்த பெயரில். தொடங்கும்போது 6 மணி நேரத்துக்கு மேல் தொடப்படாத ‘.பார்ட்’ கோப்புகளை மட்டும் அழிப்பது, எல்லாவற்றையும் அழிப்பதல்ல. இன்னொரு கண்டெய்னர் அதில் எழுதிக்கொண்டிருக்கலாம்.

தம்ப்நெயில் எடுக்கும் கோடு ‘டு_திரெட்’ வழியாக ஓடியது. திரெட்டைக் கேன்சல் செய்யவே முடியாது. டாஸ்க் கேன்சலானாலும் திரெட் தன் வேலையை முடிக்கும், புராசஸ் மூடும்போதும் அதற்காகக் காத்திருக்கும். படத்துக்குப் படம் ஒரு ‘திரெடிங்.ஈவெண்ட்’டைப் பார்த்து வெளியேறும்படி மாற்றியதோடு சரி.

‘புராசஸிங்’ வரிகள்

தொடங்கும்போது எல்லா ‘புராசஸிங்’ வரிகளையும் ‘க்யூட்’ ஆக்கிவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரே கண்டெய்னர் நின்று, பிறகு புதியது எழும்பும்வரை அது சரி. புதியது எழும்பிய பிறகு பழையதை நிறுத்தும் முறையில், பழையது செய்துகொண்டிருக்கும் உயிருள்ள வேலையைப் புதியது பிடுங்கிக்கொள்ளும். இரண்டு எஃப்எஃப்எம்பெக், ஒரு வீடியோ.

அதற்குப் பதில் குத்தகை முறை: ஒரு வேலை குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் ஒரு வொர்க்கர் கையில் இருக்கும். டேபிளில் ‘லாக்டு_அன்டில்’, ‘வொர்க்கர்’, ‘அட்டெம்ப்ட்ஸ்’ என்று மூன்று நெடுவரிசைகள். வேலை எடுக்கும் கட்டளை, குத்தகை முடிந்த அல்லது எடுக்கப்படாத ஒரு வரியை ‘ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு’ போட்டு (வேறொருவர் பூட்டியதைத் தாண்டிவிட்டு) பிடித்து, குத்தகையை இப்போதிலிருந்து 60 விநாடிக்கு எழுதி, உடனே கமிட் செய்யும். வீடியோ மாறும் நேரம் முழுக்க டிரான்சாக்ஷனைத் திறந்து வைக்கக் கூடாது. 20 விநாடிக்கு ஒருமுறை ஒரு துணை டாஸ்க் குத்தகையை நீட்டிக்கும், அதனால் தொடர்ந்து இரண்டு முறை தவறினாலும் உடனே ஆபத்தில்லை. நேரத்தை எப்போதும் டேட்டாபேஸின் ‘நவ்()’ வைத்தே கணக்கிட வேண்டும், கண்டெய்னர்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகும் என்று நம்பக் கூடாது. முடிந்ததும் ‘டன்’ எழுதும் வரியிலும் ‘வொர்க்கர் நான்தான்’ என்ற நிபந்தனை வேண்டும், குத்தகை பறிபோன பழைய வொர்க்கர் வந்து எழுதிவிடாமல் இருக்க. மூன்று முயற்சிக்கு மேல் போனால் ‘ஃபெயில்டு’. சில வீடியோக்கள் எஃப்எஃப்எம்பெக்கையே மெமரி நிரப்பிச் சாகவைக்கும், அவை சுற்றிச்சுற்றி வரக் கூடாது.

எஃப்எஃப்எம்பெக் டாஸ்கையும் குத்தகை நீட்டும் டாஸ்கையும் 3.11-ல் வந்த ‘டாஸ்க்குரூப்’பில் சேர்த்துப் போட்டால், ஒன்றில் பிழை வந்தால் மற்றது தானே கேன்சலாகும். ஆனால் எஃப்எஃப்எம்பெக் நல்லபடியாக முடிந்தால் குரூப் மூடாது. நீட்டும் லூப் முடிவில்லாதது, குரூப் அதற்காகக் காத்துக் கிடக்கும். வேலை முடிந்த இடத்தில் நீட்டும் டாஸ்கை நாமே கேன்சல் செய்ய வேண்டும்.

ஒழுங்காக நிறுத்தும்போது ‘லாக்டு_அன்டில்’லை ‘நவ்()’ ஆக்கி, முயற்சி எண்ணில் ஒன்றைக் குறைத்துவிட்டால், அடுத்த கண்டெய்னர் 60 விநாடி காத்திராமல் வேலையை எடுத்துக்கொள்ளும். இந்த வரி ஓடாமல் சிக்-கில் விழுந்தாலும் பாதகமில்லை, ஒரு நிமிடம் தாமதம், அவ்வளவுதான்.

விநாடிக் கணக்கு

டாக்கர் காம்போஸ் கோப்பில், சிக்-கில்லுக்கு முன் பொறுக்கும் நேரமான ‘ஸ்டாப்_கிரேஸ்_பீரியட்’ 30 விநாடி. இதிலிருந்து உள்நோக்கிப் பங்கு போட வேண்டும். யுவிகார்ன் இணைப்புகளுக்கு 5. மெயில் லூப்புக்கு 5, எஃப்எஃப்எம்பெக் டெர்மினேட்டுக்கு 5, இவை இரண்டும் ஒரே சமயத்தில். குத்தகையை விடுவிக்க 2. டேட்டாபேஸ் பூல் மூட 3. மொத்தம் 15, மீதி உபரி. நிறுத்தச் சொல்லிவிட்டு வீடியோ மாற்றம் முழுதும் முடியட்டும் என்று காத்திருக்கும் யோசனை கைவிடப்பட்டது: அரை மணி நேர வேலைக்கு எந்த கிரேஸ் பீரியடும் போதாது. குபெர்னெட்டஸிலும் இயல்பான அளவு 30 விநாடிதான், ஆனால் ‘ப்ரீஸ்டாப்’ ஹுக்கில் 10 விநாடி ஸ்லீப் போட்டால் அதுவும் இந்த 30-க்குள்ளேயே கழியும்.

மூடும் வரிசை திறந்த வரிசைக்கு நேர்மாறு. இதை நினைவில் வைத்துக்கொள்வதைவிட ‘ஏசிங்க்எக்ஸிட்ஸ்டாக்’கிடம் விட்டுவிடலாம்: முதலில் பூல், பிறகு எச்டிடிபி கிளையண்ட், கடைசியில் டாஸ்குகள் என்று ஏற்றினால், டாஸ்குகள் முதலில் இறங்கும். முன்பு கிளையண்ட் முதலில் மூடப்பட்டதால், இன்னும் ஓடிக்கொண்டிருந்த டாஸ்குகள் ‘கேனாட் சென்ட் எ ரிக்வெஸ்ட், ஆஸ் த கிளையண்ட் ஹேஸ் பீன் குளோஸ்டு’ என்று லாகை நிரப்பின. போஸ்ட்கிரெஸுடன் பேசும் ஏசிங்க்பிஜி நூலகத்தின் ‘பூல்.குளோஸ்()’ வெளியே போன எல்லா இணைப்பும் திரும்பும்வரை காத்திருக்கும். அதற்கு 3 விநாடி வரம்பு போட்டு, தாண்டினால் ‘டெர்மினேட்()’.

சோதனைக்கு நான்கு சந்தர்ப்பங்கள் போதுமானவை: வேலையே இல்லாதபோது ஸ்டாப், வீடியோ ஓடும்போது ஸ்டாப், எஸ்எஸ்இ டேப் திறந்திருக்கும்போது ஸ்டாப், வீடியோ ஓடும்போது ‘டாக்கர் கில்’. முதல் மூன்றிலும் எக்ஸிட் கோடு 137 வரக் கூடாது. நான்காவதில் 137 வரும், வரட்டும். ஒன்றரை நிமிடத்துக்குள் இன்னொரு கண்டெய்னர் அந்த வரியை எடுத்து முதலிலிருந்து தொடங்கியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. வீடியோ வேலையும் மெயில் லூப்பும் வெப் புராசஸுக்குள் இருக்கவே வேண்டாம். அதே இமேஜ், வேறு தொடக்கக் கட்டளை, தனி கண்டெய்னர். அப்போது ‘--வொர்க்கர்ஸ் 4’ என்று யுவிகார்னைப் பெருக்கினால் லைஃப்ஸ்பான் நான்கு முறை ஓடி மெயில் லூப்பும் நான்காகிவிடும் தொல்லையும் போகும். பின்னணி வேலைகளுக்கான செலரி நூலகத்துக்கு மாறுவதும் ஒரு வழிதான். ஆனால் வேலை வரிசைக்கு ரெடிஸை வைத்து, வேலை முடிந்த பிறகே ஒப்புதல் சொல்லும் ‘ஆக்ஸ்_லேட்’ போட்டால், இயல்பில் 1 மணி நேரமாக இருக்கும் ‘விசிபிலிட்டி டைம்அவுட்’டைத் தாண்டும் வீடியோ இரண்டாம் முறை வேறொரு வொர்க்கரிடம் போய்விடும், அந்த அளவை முதலில் உயர்த்தியாக வேண்டும். குத்தகை டேபிள் ஏற்கெனவே ஓடுவதால் இப்போதைக்குத் தனி கண்டெய்னர் மட்டும் போதும்.